பரிசுக் காளையும் அதன் கன்றுகளும்

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள தொழிற்கூடங்களில் களிமண் குழம்பைப் பாரிஸ் சாந்து அச்சுகளில் ஊற்றி வார்க்கிறார்கள். அச்சு செம்மையாக அமைந்துவிட்டால் அதிலிருந்து வரும் நூறு பொம்மைகளும் ஒன்றுபோலவே இருக்கும். மாடு வளர்ப்போரில் பலரும் பொலிகாளையை இத்தகைய ஓர் அச்சாகவே எண்ணுகிறார்கள். கண்காட்சியில் முதற்பரிசு பெற்ற காளைக்குப் பசுவைச் சேர்த்துவிட்டால் பரிசுக் கன்று பிறந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் சரி என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

விருத்தாசலத்துக்கு அண்மையிலுள்ள மங்களூர் வட்டாரம் பெரும்பாலும் மானாவாரிப் பூமி. பருத்தியும் மக்காச்சோளமும் பயிரிடும் இப்பகுதியில் மாடு வளர்ப்போரின் தொழுவங்கள் சிறியவை. அத்தகைய தொழுவம் ஒன்றின் உரிமையாளர், மேற்கே கொங்கு நாட்டிலிருந்து நான்கைந்து காங்கேயம் பசுக்களை வாங்கி வளர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல கன்றுகளை உருவாக்கிக் கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அவருடைய ஆசை. பசு ஒவ்வொன்றும் தன் கன்றுக்கு மட்டுமே தாயாகும். காளையோ அந்த ஆண்டில் பிறக்கும் எல்லாக் கன்றுகளுக்கும் தந்தை. எனவே தொழுவத்தில் பிறக்கும் தலைமுறையின் பாதி, ஒரே ஒரு காளையிடமிருந்து வருகிறது. தேர்வு தவறினால் அது உடனே தெரிவதுமில்லை. கிடாரி வளர்ந்து, சினையாகி, முதல் ஈற்றைக் காண்பதற்குள் நாட்டு மாடுகளில் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஓடிவிடும். அதற்குள் அதே காளைக்கு இன்னும் மூன்று ஈற்றுக் கன்றுகள் பிறந்திருக்கும்.

கண்ணுக்குத் தெரிவது

காங்கேயம் காளையின் இலட்சணங்கள் பலரும் அறிந்தவை. திரண்ட திமில், குறுகிய அலைதாடி, உறுதியான கால்கள், பக்கவாட்டில் விரிந்து பின்னோக்கிச் சென்று நுனியில் உள்நோக்கி வளையும் கொம்புகள் ஆகியவற்றை முதலில் பார்ப்பார்கள். மயிலை, பிள்ளை, செவலை, காரி என்று நிறத்தால் வகைப்படுத்துவார்கள். பழையகோட்டைப் பட்டக்காரர்கள் பரந்த மேய்ச்சல் நிலங்களில் பெரிய மந்தையைப் பேணி இந்த இனத்தைச் செம்மைப்படுத்தியவர்கள். கிளுவை வேலியும் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கொண்ட அந்தக் கொறங்காடுகளில்தான் இன்றைய காங்கேயத்தின் உருவம் அமைந்தது.

ஆனால் கண்ணுக்குத் தெரியும் எல்லாமே பிறவிச் சொத்து என்று கொள்வதற்கில்லை. நிறத்தையே எடுத்துக்கொள்வோம். காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவந்திருக்கும். ஆறு மாத அளவில் சாம்பல் நிறத்துக்கு மாறும். காளை முதிர்ந்ததும் தலை, கழுத்து, திமில், தொடைப் பகுதிகளில் கருமை ஏறும். அதே காளையைக் காயடித்துவிட்டால் கருமை குறைந்து உடல் வெளுக்கிறது. அதன் ஜீன்களில் எந்த மாறுதலும் ஏற்படவில்லை. ஆண் ஹார்மோன் குறைந்தது, அவ்வளவுதான். இதேபோல் கண்காட்சிக்காகப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் தாராளமாக வைத்து வளர்த்த காளையின் மினுமினுப்பில் ஒரு பகுதி தீவனத் தொட்டியிலிருந்து வந்தது. தொட்டியிலிருந்து வந்ததைக் காளை தன் கன்றுக்குக் கொடுக்க முடியாது.

நூற்றேழு கோடி வகை

சரி, பிறவிச் சொத்தையாவது முழுமையாகக் கொடுக்குமா? மாட்டின் உடலணு ஒவ்வொன்றிலும் 60 குரோமோசோம்கள், அதாவது 30 ஜோடிகள் உள்ளன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அதன் தாய் தந்தது. மற்றது தந்தை தந்தது. விந்தணு உருவாகும்போது ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஏதேனும் ஒன்று மட்டுமே அதற்குள் செல்கிறது. எது செல்லும் என்பது காசைச் சுண்டிவிட்டுப் பூவா தலையா பார்ப்பது போன்றது.

ஒரு காசைச் சுண்டினால் இரண்டு விளைவுகள், இரண்டு காசுகளுக்கு நான்கு, மூன்றுக்கு எட்டு. இவ்வாறே 30 காசுகளுக்கு இரண்டை முப்பது முறை பெருக்க வேண்டும். விடை 107,37,41,824. அதாவது ஒரே காளை 107 கோடிக்கு மேற்பட்ட வகை விந்தணுக்களை உண்டாக்கக்கூடும். குரோமோசோம்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதையும் சேர்த்தால் இத்தொகை இன்னும் பன்மடங்கு பெருகும். ஒரு காளைக்கும் ஒரு பசுவுக்கும் அடுத்தடுத்துப் பிறந்த இரண்டு கன்றுகள் வேறு வேறாக இருப்பதில் வியப்பென்ன?

ஒரு சில குணங்கள் ஒன்றிரண்டு ஜீன்களால் தீர்மானிக்கப்படுகின்றன. ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் தோன்றிய ஆங்கஸ் இன மாடு கரிய நிறமுடையது, கொம்பு இல்லாதது. கலப்பில்லாத ஆங்கஸ் காளையைக் கொம்புள்ள சிவப்பு ஐரோப்பியப் பசுவுடன் சேர்த்தால் பிறக்கும் கன்றுகள் பொதுவாகக் கருமையாகவும் கொம்பின்றியும் இருக்கும். இதில் அச்சுக் கணக்கு ஓரளவு பலிக்கிறது. உயரம், உடல் எடை, பால், வளர்ச்சி வேகம் ஆகியவற்றில் அது பலிக்காது. இவை ஒவ்வொன்றிலும் ஏராளமான ஜீன்கள் சிறிது சிறிதாகப் பங்கு கொள்கின்றன.

பத்து எப்படி இரண்டாயிற்று?

விலங்குகளுக்கிடையே காணும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு, பெற்றோரிடமிருந்து மக்களுக்குச் செல்லக்கூடிய ஜீன் வேறுபாட்டால் வந்தது என்பதை ஓர் எண்ணால் குறிப்பார்கள். இதை 'மரபுப் பங்கு' எனலாம். முழுவதும் ஜீன்களால் என்றால் 1. முழுவதும் தீவனம், பராமரிப்பு போன்ற பிற காரணங்களால் என்றால் 0. மாடுகளில் உயரத்துக்கு இது 0.4 அளவிலும், பாலுக்கு 0.25 அளவிலும் இருப்பது வழக்கம். உரிய காலத்தில் சினை பிடிக்கும் இயல்புக்குப் பெரும்பாலும் 0.1க்கும் குறைவே.

இனி ஒரு கணக்குப் போடுவோம். ஒரே மாதிரித் தீவனத்தில் வளர்ந்த காளைகளின் சராசரியைவிட நம் பரிசுக் காளை 10 செ.மீ. உயரமானது. மரபுப் பங்கு 0.4. ஆகவே அந்தப் பத்தில் 4 செ.மீ. மட்டுமே பிறவிச் சொத்து என்று எதிர்பார்க்கலாம். அந்தச் சொத்தில் பாதிதான் கன்றுக்குச் செல்லும். மறுபாதி பசுவின் பங்கு. பசு சராசரியானது என்றால் கன்றுகள் சராசரியைவிட 2 செ.மீ. உயரமாக இருக்கும். பத்தில் எட்டு வழியிலேயே மறைந்துவிட்டது.

மனிதர்களிடையே இதைக் கண்டு எழுதியவர் பிரான்சிஸ் கால்டன். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமானவர்களே ஆயினும் சராசரியை நோக்கிச் சற்றுத் திரும்பி வருகிறார்கள் என்று 1886 இல் அவர் விளக்கினார். பரிசுக் காளையின் கன்றைப் பார்த்து ஏமாற்றமடைந்த ஒவ்வொருவரும் கால்டனின் முடிவைத் தம் தொழுவத்திலேயே கண்டவர்கள்.

2 செ.மீ. என்பதைச் சிறிதென்று தள்ளிவிடவும் கூடாது. தலைமுறைதோறும் சேர்ந்தால் அது பெருகும். ஆனால் உயரம், கொம்பு, பால், சாதுவான குணம் என நான்கு இயல்புகளை ஒரே நேரத்தில் தேடினால், அவை ஒன்றையொன்று சாராதவையாக இருக்கும்போது, ஒவ்வொன்றிலும் கிடைக்கும் முன்னேற்றம் ஏறத்தாழ பாதியாகிவிடும். ஆகவே தொழுவத்துக்குக் குறிக்கோள் ஒன்றோ இரண்டோ இருப்பது நல்லது. உழவுக்கா, பாலுக்கா, கண்காட்சிக்கா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

கன்றுகளே சாட்சி

பாலைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கலும் உண்டு. காளை பால் கறப்பதில்லை! அதன் உடம்பை எவ்வளவு உற்று நோக்கினாலும் அது பாலுக்கு நல்ல காளையா என்பது தெரியாது. தாயின் கறவையையும் உடன்பிறந்த பசுக்களின் கறவையையும் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். உறுதியான சாட்சி அதன் பெண்மக்களே.

எத்தனை பெண்மக்கள் வேண்டும்? காசைச் சுண்டும் கணக்கே இங்கும் உதவுகிறது. ஐந்து முறை சுண்டி நான்கு முறை தலை விழுந்தால் காசில் ஏதோ சூது உண்டு என்று சொல்லிவிட முடியாது. ஐந்நூறு முறை சுண்டி நானூறு முறை தலை விழுந்தால் தாராளமாகச் சொல்லலாம். மரபுப் பங்கு 0.25 உடைய ஓர் இயல்பை எடுத்துக்கொள்வோம். கணிப்பு உண்மையோடு முற்றிலும் பொருந்தினால் 1 என்று அளவிட்டால், 5 மக்களைக் கொண்டு போடும் கணிப்பின் நம்பகம் 0.5. மக்கள் 15 ஆனால் 0.71, 45 ஆனால் 0.87. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இதே மரபுப் பங்குடைய, காளையின் உடலிலேயே அளக்கக்கூடிய ஓர் இயல்பை ஒருமுறை அளந்து போடும் கணிப்பின் நம்பகமும் 0.5 தான். அதாவது காளையை நேரில் அளப்பதும் அதன் ஐந்து கன்றுகளை அளப்பதும் சமம். ஐந்துக்கு மேல் போகப் போகக் கன்றுகளின் சாட்சியே வலுப்பெறுகிறது.

கன்றுகள் பல வீடுகளில் வளர்ந்தவையாக இருப்பது அவசியம். எல்லாக் கன்றுகளும் ஒரே செல்வரின் தொழுவத்தில் வளர்ந்திருந்தால் நாம் அளப்பது காளையின் திறமையையா, செல்வரின் தீவனத்தையா என்று பிரித்தறிய முடியாது. அந்தந்த வீட்டில் அதே வயதுடைய பிற கன்றுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை.

ஜீன்களை நேரடியாகப் படித்துக் காளையை மதிப்பிடும் முறையும் இன்று வந்துள்ளது. நம் நாட்டு மாட்டினங்களுக்கென 'இண்டிகாவ்' என்னும் மரபணுச் சில்லை ஐதராபாதிலுள்ள தேசிய விலங்கு உயிர்த் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியது. 2021 இல் அது வெளியிடப்பட்டது. ஆயினும் சில்லு படித்த ஜீன் குறிகளுக்குப் பொருள் சொல்ல, ஆயிரக்கணக்கான மாடுகளின் உயரமும் கறவையும் முன்னரே குறித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். குறிப்பேடு இல்லாத இடத்தில் சில்லும் ஊமையே.

அழகுப் பரிசு தந்த குள்ளக் கன்றுகள்

பரிசு பெற்ற காளையை எல்லோரும் நாடுவதில் உள்ள ஆபத்தை வெளிநாட்டு வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. 1940களிலும் 1950களிலும் அமெரிக்கக் கண்காட்சி நடுவர்கள் குட்டைக் கால்களும் கட்டான உடலும் கொண்ட மாடுகளை விரும்பினர். அக்காலத்தில் ஹியர்ஃபோர்டு, ஆங்கஸ் மந்தைகளில் குள்ளக் கன்றுகள் பிறக்கத் தொடங்கின. வயிறு உப்பி, மூச்சு வாங்கி, அவற்றுள் பல இளமையிலேயே மாண்டன.

காரணம் ஒடுங்கிய ஜீன் ஒன்று. அது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் கன்று குள்ளமாகும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மாடு நலமாகவே இருக்கும். ஆனால் குறையைத் தன்னுள் மறைத்து வைத்திருக்கும். அப்படி மறைத்து வைத்திருந்த மாடுகள் சற்றே கட்டுடலாகத் தோன்றியதால் நடுவர்கள் அறியாமலே அவற்றுக்குப் பரிசு கொடுத்து வந்தனர் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதினர். எது அழகென்று பரிசு பெற்றதோ அதுவே கேட்டைப் பரப்பும் வாகனமாயிற்று.

2008 இல் ஆங்கஸ் இனத்தில் மற்றொரு குறை வெளிப்பட்டது. முதுகெலும்பு வளைந்து, கால்கள் விறைத்து, கன்றுகள் இறந்தே பிறந்தன. 'பிரிசிஷன் 1680' என்ற மிகப் புகழ்பெற்ற காளையும், அதன் தாய்வழிப் பாட்டனாகிய காளையும் அக்குறையைத் தாங்கியிருந்தன என்று கண்டறிந்தனர். உறைவிந்து வழியே எண்ணற்ற மந்தைகளில் பரவிய காளையாதலால் அதன் வழிவந்தவை ஒன்றோடொன்று சேரும் காலம் வந்தபோதுதான் குறை வெளியே தெரிந்தது.

ஹோல்ஸ்டீன் இனத்தில் 1962 இல் பிறந்த 'சீஃப்' என்ற காளையின் கதையும் இத்தகையதே. பாலுக்குச் சிறந்த அக்காளையின் மரபு உலகெங்கும் பரவியது. அது தாங்கியிருந்த ஒரு குறையால் ஏறத்தாழ ஐந்து இலட்சம் சினைகள் கலைந்திருக்கும் என்று 2016 இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதன் மரபால் பெருகிய பாலின் மதிப்பு இந்த இழப்பைவிடப் பன்மடங்கு என்றும் அதே ஆய்வு கூறியது. ஆகவே காளை கெட்டதன்று. ஒரே காளையை எல்லோரும் நம்பியதில்தான் இழப்பு விளைந்தது.

ஒரு காளையும் இருபது பசுக்களும்

உறவுக்குள் சேர்க்கை நேரும்போதுதான் மறைந்த குறைகள் ஒன்றுகூடுகின்றன. கன்று ஒன்றின் ஜீன் ஜோடியில் இரண்டும் ஒரே மூதாதையின் ஒரே ஜீனிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பை அளக்க 1922 இல் சுவால் ரைட் என்னும் அமெரிக்க அறிஞர் ஒரு முறை வகுத்தார். தந்தையும் மகளும் சேர்ந்தால் இவ்வாய்ப்பு 25 சதவீதம். ஒரே தந்தைக்கு வெவ்வேறு தாயரிடம் பிறந்தவை சேர்ந்தால் 12.5 சதவீதம்.

சிறு மந்தைக்காரர் தம்மிடம் 20 பசுக்கள் இருப்பதால் மந்தை பெரிதென்று எண்ணலாம். காளைகளின் எண்ணிக்கையையும் பசுக்களின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் மந்தையின் 'செயல்படும் எண்ணிக்கை' கிடைக்கும். ஒரு காளை, 20 பசுக்கள் என்றால் 80ஐ 21ஆல் வகுக்க வேண்டும், விடை 3.8. பசுக்களை 100 ஆக்கினாலும் 3.96 தான். எத்தனை பசுக்களைச் சேர்த்தாலும் நான்கைத் தாண்டாது! காளைகளை நான்காக்கிப் பாருங்கள்: 20 பசுக்களுக்கு 13.3 ஆகிவிடுகிறது. உறவுக் கலப்பு ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ 13 சதவீதம் கூடியது போய், 4 சதவீதத்துக்கும் கீழே இறங்குகிறது.

ஓர் ஊருக்கு ஒரே கோயில் காளை என்றாலும், ஒரு வட்டாரத்துக்கே ஒரே பரிசுக் காளையின் உறைவிந்து என்றாலும் இந்தக் கணக்கு மாறாது. டிராக்டர் வந்தபின் உழவு மாட்டின் தேவை குறைந்து, காங்கேயம் மாடுகளின் தொகை முன்னைவிட வெகுவாகச் சுருங்கிவிட்டது. எஞ்சியிருப்பவற்றின் தந்தையர் பலராக இருந்தால்தான் இனம் வலுவோடு நிலைக்கும்.

தேர்வு செய்வோர் செய்யத்தக்கவை

காளையைப் பார்க்கப் போகும்போது அதன் தாயைப் பார்த்துவிட்டு வாருங்கள். எத்தனை ஈற்று ஈன்றது, ஈற்றுக்கும் ஈற்றுக்கும் இடைவெளி எவ்வளவு, எவ்வளவு கறந்தது என்று கேளுங்கள். ஏற்கெனவே கன்றுகள் இருந்தால் இரண்டு மூன்று வீடுகளிலாவது அவற்றைப் பாருங்கள். சிறந்த கன்று ஒன்றை மட்டும் காட்டினால் போதாது. எல்லாவற்றையும் காட்டச் சொல்லுங்கள். சராசரியே நமக்கு வேண்டியது.

காளையை நடக்கவிட்டுக் கால்களையும் குளம்புகளையும் கவனியுங்கள். விதைகள் இரண்டும் ஒரே அளவாகவும் உரிய பருமனோடும் இருக்க வேண்டும். கால்நடை மருத்துவரைக் கொண்டு விந்துச் சோதனை செய்வதும், கருச்சிதைவு உண்டாக்கும் புருசெல்லா நோய், காசநோய் ஆகியவை இல்லை என்று உறுதி செய்வதும் தவிர்க்கக்கூடாதவை. நோயுள்ள ஒரு காளை ஒரே பருவத்தில் தொழுவம் முழுவதையும் கெடுத்துவிடும்.

காளை ஒன்றை வாங்கி நிறுத்த வசதியில்லாதவர் செயற்கைமுறைக் கருவூட்டலை நாடலாம். திரவ நைட்ரஜனில், சுழியத்துக்குக் கீழே 196 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்கப்பட்ட விந்து பல ஆண்டுகள் கெடுவதில்லை. காங்கேயம் காளைகளின் உறைவிந்தும் கிடைக்கிறது. குச்சியின்மேல் அச்சிட்டிருக்கும் காளை எண்ணைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு எண்ணுள்ள காளையைக் கேட்பதற்கு அது உதவும்.

சொந்தக் காளை வைத்திருப்போர், அதன் முதல் கிடாரிகள் பருவத்துக்கு வருமுன் காளையை மாற்றிவிட வேண்டும். நான்கு ஊர்களில் நான்கு பேர் ஆளுக்கொரு காளை வைத்து, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தமக்குள் சுழற்றிக்கொண்டால் செலவின்றியே புதிய இரத்தம் கிடைக்கும்.

இவை அனைத்துக்கும் அடிப்படை ஒரு நோட்டுப் புத்தகம். கன்று பிறந்த நாள், தாய், தந்தை, ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் உயரம், முதல் ஈற்று நாள், கறவை ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் அளவு நாடாவோடு இந்த வேலையை மகிழ்ச்சியாகச் செய்வார்கள். பத்து ஆண்டுகளுக்குப் பின் அந்த வட்டாரத்தில் எந்தக் காளை உண்மையில் சிறந்தது என்று கேட்டால், சுவரில் மாட்டிய பரிசுப் பட்டயத்தைவிட அந்த நோட்டே சரியான விடை சொல்லும்.